கொழும்பில் பிள்ளைக்குக் கணித வகுப்புத் தேடும் பெற்றோருக்கு: தரம் 6 முதல் சாதாரண தரம் வரை

கொழும்புக்கு மாறி வரும் குடும்பங்கள், வாடகை வீடும் பாடசாலை அனுமதியும் சரிவந்த கையோடு விசாரிக்கத் தொடங்கும் விடயம் கணித வகுப்புத்தான். வெள்ளவத்தையில் தொடர்மாடி வாசலிலும், கொட்டாஞ்சேனையில் பாடசாலை விடும் நேரத்து மதிலோரத்திலும், "கணக்குக்குப் பிள்ளைய யாரிட்ட விட்டிருக்கிறீங்கள்?" என்ற கேள்வி காதில் விழாத நாளில்லை. பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் மட்டுமே. அந்தப் பெயருக்குரியவர் நல்ல ஆசிரியராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பிள்ளைக்கு அவர் பொருந்துவாரா என்பதை அந்த இலக்கம் சொல்லாது.

நாங்கள் மட்டக்களப்பிலிருந்து வந்தபோது என் மூத்த மகள் தரம் 9 இல் இருந்தாள். ஊரில் அவளுக்குக் கணிதம் நடுத்தரமாக வந்துகொண்டிருந்தது. இங்கே எல்லோரும் ஒரே குரலில் சொன்ன ஒரு பெரிய வகுப்பில் அவளைச் சேர்த்தோம். பத்து மாதங்கள் ஒரு நாளும் தவறாமல் போனாள், கட்டணமும் தவறவில்லை, தவணைப் பரீட்சைப் புள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. ஒரு விடுமுறை நாளில் அவளுடைய வகுப்புக் கொப்பியை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தேன். வெண்பலகையில் இருந்தது முழுவதும் முத்து முத்தான எழுத்தில் இருந்தது. ஓர் இடத்தில்கூடச் சிவப்பு மை இல்லை. அவள் தானாகச் செய்து பிழைவிட்ட கணக்கு ஒன்றுகூட அந்தக் கொப்பியில் இல்லை. வேறொருவர் கணக்குச் செய்வதைப் பத்து மாதங்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஆசிரியரைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. அவருடைய விளக்கம் தெளிவானது என்பதை அவள் இன்றும் சொல்வாள். தவறு எங்களுடைய தெரிவில் இருந்தது. ஆகவே, கீழே எழுதுவனவற்றுள் எதை மறந்தாலும், வகுப்பைத் தெரிவுசெய்யும்போது "என் பிள்ளையின் கொப்பியை யார் பார்ப்பார்?" என்ற கேள்வியை மட்டும் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதற்படி: எந்தப் பரீட்சை, எந்த மொழிமூலம் என்பதை உறுதிப்படுத்துதல்

இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றலாம். கொழும்பில் அப்படியில்லை. ஒரே தொடர்மாடியில் வாழும் தரம் 10 பிள்ளைகள் மூவருள் ஒருவர் தமிழ்மொழி மூலம் அரசாங்கப் பாடத்திட்டத்தையும், இன்னொருவர் அதே பாடத்திட்டத்தை இருமொழிக் கல்வி வகுப்பில் ஆங்கிலத்திலும், மூன்றாமவர் சர்வதேசப் பாடசாலையில் இலண்டன் பாடத்திட்டம் என்று இங்கே சொல்லப்படும் எடெக்செல், கேம்பிரிட்ஜ் போன்ற பிரித்தானியப் பாடத்திட்டத்தையும் படிப்பது இங்கே சாதாரணம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும் வகுப்பு உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாமற் போவதற்கு இதுவே முதற் காரணம்.

அரசாங்கத்தின் க.பொ.த. சாதாரண தரக் கணிதப் பரீட்சை இரண்டு வினாத்தாள்களைக் கொண்டது. முதலாவது வினாத்தாளுக்கு 2 மணித்தியாலம். அதன் 'அ' பகுதியில் தலா 2 புள்ளி வீதம் 25 சிறு வினாக்களும், 'ஆ' பகுதியில் தலா 10 புள்ளி வீதம் 5 வினாக்களும் இருக்கும், எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும். இரண்டாவது வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம். 12 வினாக்களில் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஐந்தாகப் 10 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். இரண்டு வினாத்தாள்களுக்கும் தலா 100 புள்ளி. கூட்டி இரண்டால் வகுத்து வருவதே இறுதிப் புள்ளி. 35 சாதாரண சித்தி, 50 திறமைச் சித்தி, 75 விசேட சித்தி. உயர்தரத்துக்குச் செல்ல முதல்மொழியும் கணிதமும் உள்ளடங்க ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும் என்பது பொதுவான தகுதி என்பதால், கணிதத்தில் 35 என்ற எல்லைக்கு அருகில் நிற்கும் பிள்ளையின் வீட்டில் இருக்கும் கவலையைச் சிறியது என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பரீட்சையில் பல்தேர்வு வினாக்கள் இல்லை. கல்குலேற்றருக்கும் அனுமதி இல்லை, மடக்கை அட்டவணையைத்தான் பயன்படுத்த வேண்டும். இலண்டன் பக்கம் நிலைமை வேறு. எடெக்செல் சர்வதேசக் கணிதம் 'ஏ' பாடத்தில் இரண்டு வினாத்தாள்களுக்கும் கல்குலேற்றர் உண்டு. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் 2025 முதல் கல்குலேற்றர் இல்லாத வினாத்தாள் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. எனவே "லோக்கலும் லண்டனும் ரெண்டும் எடுக்கிறன்" என்று சொல்லும் ஆசிரியரிடம், இரண்டு தொகுதி மாணவரையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வைத்துப் படிப்பிக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அப்படியானால் அந்த வகுப்பைத் தவிர்ப்பதே என் ஆலோசனை.

மொழிமூலத்தைப் பற்றி இன்னொன்று. பிள்ளை பரீட்சையில் எந்த மொழியில் எழுதப்போகிறதோ அந்த மொழியில்தான் வகுப்பும் இருக்க வேண்டும். தமிழிலேயே படித்தாலும் எந்த நாட்டுத் தமிழ் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் சில மிகவும் சிறந்தவை. ஆனால் நம் பாடநூலில் 'தொடை' என்றிருப்பது அங்கே 'கணம்'. நம்முடைய 'தாயம்' அங்கே 'அணி'. நம்முடைய 'அட்சரகணிதம்' அங்கே 'இயற்கணிதம்'. நம்முடைய 'கேத்திரகணிதம்' அங்கே 'வடிவியல்'. நம்முடைய 'படித்திறன்' அங்கே 'சாய்வு'. ஏற்கெனவே தடுமாறும் பிள்ளை இந்தச் சொல் மாற்றத்தில் இன்னும் குழம்பிவிடும். காணொளிகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். கையில் இருப்பது கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: வகுப்புத் தேடுமுன் வீட்டிலே ஒரு சோதனை

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் இதற்குத் தேவையில்லை. பிள்ளை தரம் 10 அல்லது 11 என்றால், பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, முதலாம் வினாத்தாளின் 25 சிறு வினாக்களையும், படித்த அலகுகளுக்குள் வரும் வேறு சில வினாக்களையும் அமைதியான ஓர் இடத்தில் எழுத விடுங்கள். கீழ்த்தரங்களில் படிக்கும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டின் தவணைப் பரீட்சை வினாத்தாள் போதும். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டாம். பிழைவிடும் இடத்தில் முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம்.

திருத்தும்போது எத்தனை சரி என்பதைவிட, பிழைகள் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். அந்த அலகே தெரியாமல் விட்டவை ஒரு வகை. வழி தெரிந்தும் கூட்டல், கழித்தல், குறி மாற்றம் ஆகியவற்றில் சறுக்கியவை இன்னொரு வகை. வினாவின் வசனம் விளங்காமல் விட்டவை மூன்றாம் வகை. நேரம் போதாமல் தொடாதவை நான்காம் வகை. நான்குக்கும் மருந்து ஒன்றல்ல. பெற்றோருக்குக் கணிதம் மறந்திருந்தாலும் கவலையில்லை. விடையைப் பார்த்துப் பிழைகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று பிள்ளையிடமே கேட்டால் அது சொல்லும்.

ஓர் உதாரணம் தருகிறேன். முதலாம் வினாத்தாளில் 56 புள்ளியும் இரண்டாம் வினாத்தாளில் 22 புள்ளியும் எடுக்கும் பிள்ளையின் இறுதிப் புள்ளி 39. இரண்டிலும் 39 எடுக்கும் பிள்ளைக்கும் அதே 39 தான். முதற்பிள்ளைக்கு அடிப்படை இருக்கிறது. நீண்ட வினாவைப் படிப்படியாக எழுதி முடிக்கும் பயிற்சியும், வரைபு, அமைப்பு, நிறுவல் போன்றவற்றில் நம்பிக்கையும் தேவை. இரண்டாவது பிள்ளைக்கு அடித்தளத்தையே பார்க்க வேண்டும். பாடசாலை அறிக்கையில் இருவரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். ஒரே வகுப்பில் இருவருக்கும் பயன் கிடைக்காது.

அடித்தளம் என்று சொல்வது பலசமயம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தியது. தரம் 10 இல் அட்சரகணிதப் பின்னங்கள் வரவில்லை என்று அழும் பிள்ளைக்கு உண்மையில் வராதது சாதாரணப் பின்னங்களைக் கூட்டுவதாக இருக்கும். இருபடிச் சமன்பாட்டில் தொடர்ந்து பிழைவிடுபவர் திசைகொண்ட எண்களிலும் அடைப்புக்குறி நீக்குவதிலும் தடுமாறுபவராக இருப்பார். என் இளைய மகனுக்குக் காரணிப்படுத்தல் வராமைக்குக் காரணம் பெருக்கல் வாய்பாடு 7க்கு மேல் உறுதியாக இல்லாததே என்று அவனுடைய ஆசிரியை கண்டுபிடித்தபோது எங்களுக்கு வெட்கமாகவும் ஆறுதலாகவும் இருந்தது. ஆறு வாரங்களில் அது சரியானது. கணிதத்தில் ஓடு சரியில்லை என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். இடிந்திருப்பது அத்திவாரமாக இருக்கும்.

இந்தச் சோதனையின் முடிவை அரைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரைச் சந்திக்கும்போது "பிள்ளை கணக்கில கொஞ்சம் வீக்" என்று சொல்வதற்குப் பதிலாக அந்தத் தாளை நீட்டலாம். அதை வாங்கி வாசித்து மறுகேள்வி கேட்கும் ஆசிரியரை நீங்கள் பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மூன்றாம் படி: எந்த வகை வகுப்பு

பெரிய மண்டபத்தில் ஒலிவாங்கியோடு நடக்கும் வகுப்பை இங்கே 'மாஸ் கிளாஸ்' என்பார்கள். அடிப்படை உறுதியாக உள்ள, தானாக வீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்யும் பிள்ளைக்கு அது பயன்படும். நல்ல ரியூட்களும் (வகுப்பில் தரும் அச்சிட்ட பாட, பயிற்சித் தாள்கள்), ஒழுங்கான அலகு வரிசையும், பரீட்சைப் போக்கைப் பற்றிய அனுபவமும் அங்கே கிடைக்கும். கட்டணமும் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் கை உயர்த்திக் கேள்வி கேட்கத் தயங்கும் பிள்ளை அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். 60 புள்ளி எடுப்பவரை 80க்குக் கொண்டுபோகும் வகுப்பு, 25 எடுப்பவரை 45க்குக் கொண்டுவரும் என்று எதிர்பார்ப்பது அந்த வகுப்புக்கும் பிள்ளைக்கும் செய்யும் அநியாயம்.

ஐந்து முதல் பன்னிரண்டு பேர்வரை உள்ள சிறு குழு வகுப்பே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். ஆசிரியர் மேசைகளுக்கிடையே நடந்து, எழுதிக்கொண்டிருக்கும் கையைப் பார்க்க முடியும். மற்றவரும் பிழைவிடுகிறார் என்பதைக் காண்பதே பயந்த பிள்ளைக்குப் பெரிய மருந்து. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பகுதிகளில் ஆசிரியர்களின் வீட்டு முன்னறைகளில் இத்தகைய வகுப்புகள் நடக்கின்றன. இவற்றுக்குப் பெயர்ப்பலகையோ துண்டுப்பிரசுரமோ இராது, வாய்வழியாக விசாரித்தே கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து தனியாகப் படிப்பிப்பவர், பழைய இடைவெளிகளை அடைப்பதற்கு மிகச் சிறந்தவர். நோயினாலோ இடமாற்றத்தினாலோ பல மாதங்கள் பாடம் தவறிய பிள்ளைக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை என்றே சொல்லலாம். இதில் ஓர் ஆபத்தும் உண்டு: பிள்ளை பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்குமுன்பே ஆசிரியர் அடுத்த வரியைச் சொல்லிவிடுவார். பக்கத்தில் ஆள் இருக்கும்போது எல்லாம் வரும், பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் வராது. ஆகவே தனி வகுப்பை மூன்று நான்கு மாதங்களுக்கு என்று எல்லை வகுத்துத் தொடங்கி, பின்னர் சிறு குழுவுக்கு மாற்றுவது நல்லது. வளாகத்தில் படிக்கும் மாணவர்கள் பலர் இதைப் பகுதிநேரமாகச் செய்கிறார்கள். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு அவர்களுடைய பொறுமையும் வயது நெருக்கமும் நன்றாகப் பொருந்துவதைக் கண்டிருக்கிறேன்.

சூம் வகுப்புகள் 2020 இன் முடக்க காலத்துக்குப் பின் நிலைத்துவிட்டன. பயண நேரம் மிச்சம். ஆனால் கவராயத்தைப் பிடிக்கும் கையையும், நிறுவலில் காரணம் எழுதாமல் தாவும் வரியையும் திரையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பது கடினம். இணையவழி என்றால், பிள்ளை செய்த பயிற்சியைப் படம் எடுத்து அனுப்பி, அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

உயர்தர இணைந்த கணிதத்தில் பெயர்பெற்ற ஆசிரியரிடம் தரம் 8 பிள்ளையைச் சேர்க்க ஓடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டு வேலையும் வெவ்வேறு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பின்னத்தை நான்கு விதமாக விளங்கப்படுத்தத் தெரிந்தவர்தான் அங்கே வேண்டும். அதேபோல, பாடசாலையில் பிள்ளைக்குக் கணிதம் எடுக்கும் ஆசிரியரிடமே கட்டண வகுப்புக்கும் விடுவதை நான் விரும்புவதில்லை. பாடசாலையில் விளங்காத அதே விளக்கத்தைப் பிள்ளை இரண்டாம் தடவையும் கேட்கும் என்பதோடு, வகுப்பை நிறுத்த நினைத்தால் தயக்கம் வந்து குறுக்கே நிற்கும்.

நான்காம் படி: விசாரிப்பதும் கேட்பதும்

விசாரிக்கும்போது சென்ற ஆண்டு விசேட சித்தி பெற்றவரின் பெற்றோரிடம் மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை எங்கே விட்டாலும் பெற்றிருக்கலாம். 30 இலிருந்து 50க்கு வந்த பிள்ளையின் தாயைத் தேடிக் கேளுங்கள். பயனுள்ள தகவல் அங்கேதான் இருக்கிறது. சுவரொட்டிகளில் வரிசையாக இருக்கும் படங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே பிள்ளை மூன்று வகுப்புகளுக்குப் போயிருந்தால் மூன்று சுவரொட்டிகளிலும் அதே முகம் இருக்கும். அந்த வகுப்புகளில் சித்தியடையாதவர் எத்தனை பேர் என்பது எதிலும் இராது.

ஆசிரியரோடு பேசும்போது மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. "சேர், வகுப்பில எத்தனை பிள்ளைகள் இருக்கினம்?" "பயிற்சியை வகுப்பிலேயே செய்ய நேரம் குடுப்பீங்களா?" "கொப்பியை நீங்களே திருத்துவீங்களா, உதவியாளரா?" "பிள்ளை ஒரு நாள் வராட்டி அந்தப் பாடத்தை எப்படிப் பிடிக்கிறது?" "எங்களோட எப்ப கதைப்பீங்கள்?" இவற்றைக் கேட்டதும் முகம் மாறுபவர் இருந்தால், அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம். பாடசாலையின் அலகு வரிசையோடு வகுப்பு சேர்ந்து போகிறதா, அல்லது முந்திப் போகிறதா என்பதையும் கேளுங்கள். ஆண்டு முடியுமுன்பே பாடத்திட்டத்தை முடித்துவிட்டோம் என்ற பெருமை பல இடங்களில் உண்டு. பலமான பிள்ளைக்கு அது நல்லது. பலவீனமான பிள்ளைக்குப் பாடசாலையில் ஓர் அலகும் வகுப்பில் இன்னோர் அலகும் ஓடி, இரண்டும் பிடிபடாமற் போகும்.

ஐந்தாம் படி: ஒரு மாதப் பரீட்சார்த்தமும் கொப்பியைப் படிக்கும் விதமும்

முதல் மாதத்தை முடிவெடுக்கும் மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தவணைக் கட்டணத்தை முற்பணமாகக் கட்டாதீர்கள். பிள்ளையிடம் "வகுப்பு எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற ஒரு சொல்தான் வரும். "இன்றைக்கு நீயாகச் செய்த கணக்கு ஒன்றை எனக்குச் செய்து காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். செய்து காட்டும்போது இடைநடுவில் நின்றாலும், ஏன் நின்றது என்று அது சொல்லுமானால் வகுப்பில் ஏதோ நடக்கிறது.

வாரத்துக்கு ஒருமுறை கொப்பியை எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று விடயங்கள் தெரிய வேண்டும். பிள்ளை தானாக முயன்ற கணக்குகள் இருக்க வேண்டும். அவை அழகாக இராமல் வெட்டித் திருத்தியிருந்தால் இன்னும் நல்லது. ஆசிரியரின் பேனா, விடையில் மட்டும் குறுக்குக் கோடு போடாமல், பிழை தொடங்கிய வரியைக் காட்ட வேண்டும். மடக்கைக் கணக்கில், 1 இலும் குறைந்த எண்ணின் மடக்கையைக் கூட்டும்போது முழுவெண் பகுதியில் பிழை வந்திருந்தால், அந்த இடத்தில் வட்டம் இருக்க வேண்டும். நிறுவலில் 'ஒன்றுவிட்ட கோணங்கள்' என்ற காரணம் விடுபட்டிருந்தால் அதை எழுதும்படி குறிப்பு இருக்க வேண்டும். இரண்டாம் வினாத்தாளில் புள்ளி படிகளுக்கே பகிரப்படுகிறது என்பதால், சரியான விடையைப் படிகள் இல்லாமல் எழுதும் பிள்ளையையும் திருத்த வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக, பிழைத்த கணக்கைப் பிள்ளை மறுபடி செய்திருக்க வேண்டும். இந்த மூன்றாவது பெரும்பாலான கொப்பிகளில் இல்லை. அது இருக்கும் வகுப்பு கிடைத்தால், நாற்காலி உடைந்திருந்தாலும் மின்விசிறி சத்தம் போட்டாலும் அங்கேயே விடுங்கள்.

ரியூட்களின் தடிப்பைக் கண்டு மயங்க வேண்டாம். கடந்தகால வினாத்தாள்களும், மாகாணத் தவணைப் பரீட்சை வினாத்தாள்களும், தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களும் கொழும்பு வகுப்புகளில் தாராளமாகப் புழங்குகின்றன. அவை சிறந்த பயிற்சி. பத்து வினாத்தாள்களை அச்சிட்டுத் தருவதைவிட, ஒன்றை நேரம் குறித்து எழுத வைத்துப் புள்ளியிடும் திட்டப்படி திருத்தித் தருபவரே உதவி செய்கிறார்.

ஆறாம் படி: நேரம், பயணம், பணம்

கட்டணத்தை மாதக் கணக்கில் ஒப்பிடாமல் மணித்தியாலக் கணக்கில் ஒப்பிடுங்கள். வாரம் ஒரு முறை இரண்டு மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு எட்டு மணித்தியாலம்; போயா தினத்திலும் ஆசிரியருக்கு வசதிப்படாத நாளிலும் வகுப்பு நின்றால் பதில் வகுப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரியூட் செலவும் ஓட்டோச் செலவும் சேர்ந்து கட்டணத்தைத் தாண்டிப்போகும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன.

ஊரில் சைக்கிளில் பத்து நிமிடத்தில் போய்வந்த பிள்ளைக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாலை நேரத்தில் பேருந்தில் போவது என்ன என்பது வந்த புதிதில் விளங்காது. காலி வீதி நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றுவிட்டு, பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு எந்த ஆசிரியராலும் எதையும் ஏற்ற முடியாது. சராசரி ஆசிரியர் ஒருவர் நடை தூரத்தில் இருந்தால், அரை நகரம் தாண்டியிருக்கும் சிறந்த ஆசிரியரைவிட அவரையே நான் தெரிவுசெய்வேன். வாரத்தில் எத்தனை வகுப்பு என்பதிலும் இதே அளவுகோல்தான்: கணித வகுப்பின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வீட்டில் குறைந்தது ஒரு மணித்தியாலம் தனியாகச் செய்து பார்க்க நேரம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் இன்னொரு பாடத்தின் வகுப்பைக் குறையுங்கள். ஞாயிறு காலை அறநெறி வகுப்புக்கும் விளையாட்டுக்கும் உரிய நேரத்தைப் பறிக்குமுன் இருமுறை யோசியுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவும் உறுதியாகவும் சொல்கிறேன். வகுப்பு நடக்கும் இடத்தை நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள்; மாடிப்படி, வெளியேறும் வழி, கழிவறை, காற்றோட்டம் ஆகியவற்றைக் கவனியுங்கள். வீட்டில் தனி வகுப்பு என்றால் முன்னறையில், கதவு திறந்திருக்க, பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் நடக்கட்டும். வட்சப் செய்திகள் பெற்றோரும் உள்ள குழுவில் வரட்டும். அடிக்கும் ஆசிரியரிடம் பிள்ளையை விட வேண்டாம், அவருடைய பெறுபேறு எதுவாக இருந்தாலும். பிள்ளை காரணம் சொல்லாமல் ஒரு வகுப்புக்குப் போக மறுத்தால் முதலில் பிள்ளையை நம்புங்கள்; தேவைப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது.

ஏழாம் படி: தொடர்வதா, மாற்றுவதா, கடைசி மாதங்களில் என்ன செய்வது

மூன்று மாதம் கழிந்ததும், வீட்டில் செய்த முதற் சோதனை போல இன்னொன்றைச் செய்யுங்கள். மொத்தப் புள்ளி அதிகம் ஏறாவிட்டாலும், தெரியாமல் விட்டவை குறைந்து கவனக்குறைவுப் பிழைகள் கூடியிருந்தால் பிள்ளை முன்னேறிக்கொண்டிருக்கிறது, பொறுத்திருங்கள். ஒரு வகையிலும் மாற்றம் இல்லை, கொப்பியும் வெறுமையாக இருக்கிறது என்றால் தரம் 11 இன் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டாம். மாதக் கணக்கை முடித்து, ஆசிரியருக்கு நேரில் நன்றி சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். கொழும்புத் தமிழ்ச் சமூகம் சிறியது. அடுத்த பிள்ளைக்கு அவரே பொருத்தமானவராக இருக்கவும் கூடும். மாற்றியபின் மறுபடியும் மாற்றுவதை மட்டும் தவிருங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் பிள்ளை ஒரு மாதத்தை இழக்கிறது.

சாதாரண தரப் பரீட்சை ஒரு காலத்தில் டிசம்பரில் நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அண்மைய ஆண்டுகளில் அப்படியில்லை. 2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. ஆகவே திட்டத்தைப் பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கும் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று மாதங்களில் புதிய வகுப்புகளிலும், நாளாந்தம் வரும் செமினார் விளம்பரங்களிலும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். வாரத்துக்கு ஒரு முழு வினாத்தாள், முதல் நாள் 2 மணித்தியாலமும் அடுத்த நாள் 3 மணித்தியாலமுமாக எழுதித் திருத்துவது போதும். 35க்காகப் போராடும் பிள்ளைக்கு முதலாம் வினாத்தாளின் சிறு வினாக்களையும், இரண்டாம் வினாத்தாளில் தனக்கு வரக்கூடிய ஐந்தாறு வினா வகைகளையும் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். எல்லா அலகையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட அது நிச்சயமானது.

பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னரே பிரத்தியேக வகுப்புகள், கருத்தரங்குகள், மாதிரி வினாத்தாள் விநியோகம் ஆகியவற்றைத் திணைக்களம் தடைசெய்துவிடும். அந்த நாட்களில் இரகசியமாக வகுப்பு நடத்துவதாகச் சொல்பவரிடம் போக வேண்டாம். திருத்தப்பட்ட பழைய கொப்பிகளைப் பிள்ளையின் மேசையில் எடுத்து வையுங்கள். என் மகள் அந்த வாரம் முழுவதும் புதிய கணக்கு ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவதாகச் சேர்ந்த சிறு வகுப்பின் மூன்று கொப்பிகளில் சிவப்பு வட்டம் இருந்த கணக்குகளை மட்டும், விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, மறுபடி செய்து பார்த்தாள்.